ஈடித்தம்மா வந்திருந்த மூன்று நாள்

காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அம்சவேணியின் குரலுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. மெட்ராஸ் லைனில் எப்போதும் இரைச்சல். மற்றப் பெண்கள் தொண்டை வறண்டுபோகக் கத்துவார்கள். அம்சவேணி குரலை உயர்த்தவே மாட்டாள். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைப்பதுபோல நிதானமாகச் சொல்வாள். அது எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். பட்டு வியாபாரிகளில் சிலர், "இங்கிலீஷ் நல்லாப் பேசுற அந்தம்மா இருக்காங்களா? அவங்களையே லைன் போடச் சொல்லும்மா" என்று கேட்டு வாங்குவார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ஐயம்பேட்டையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த முனிசாமியின் மகள் அவள். முனிசாமி ஞானஸ்நானம் பெற்ற வருஷமே மகளை மிஷன் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அங்கே மாடி அறையில் ஒரு மர அலமாரி உண்டு. சீமையிலிருந்து வந்த பழைய பத்திரிகைகள், அட்டை கிழிந்த கவிதைத் தொகுப்புகள், ஓவியங்களை அச்சடித்த பெரிய தாள்கள் எல்லாம் அதற்குள் கிடந்தன. மழை நாளில் மற்றப் பெண்கள் பல்லாங்குழி ஆடும்போது இவள் அந்த அலமாரி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். சாம்பல் நிற வானம், ஈரப் புல்வெளி, தூரத்தில் ஒரு கோபுரம். பார்த்திராத ஊர் மீது ஏன் இத்தனை ஆசை என்று அவளுக்கே விளங்கியதில்லை. ஜெபம் அவளுக்குத் தமிழில்தான் வரும். ஆனால் தனியாக நடந்துபோகும்போது வாய் முணுமுணுப்பது இங்கிலீஷ் கவிதையாக இருக்கும்.

சிநேகிதி கிடைத்ததும் கவிதையால்தான். இங்கிலாந்திலிருந்து போதகருக்கு வரும் சபைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், 1963-இல், எட்டு வரியில் ஒரு கவிதை வந்திருந்தது. கொல்லையில் துவைத்த துணி உலர்த்துகிறாள் ஒரு பெண். காற்றில் வெள்ளைப் போர்வை உப்பி எழுகிறது. அந்த ஒரு நொடி தேவதூதன் வந்து போனதாக அவளுக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான் கவிதை. கீழே ஈடித் ஆஷ்வொர்த் என்ற பெயரும், லங்காஷயர் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் விலாசமும் இருந்தன. அம்சவேணி அன்று சாயங்காலமே ஒரு ஏர்மெயில் தாள் வாங்கி எழுதினாள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. கூடவே தபால் அட்டை அளவில் கையால் தீட்டிய ஒரு படம்: கல் சுவர், அதன்மேல் பனி, மூலையில் ஒரே ஒரு சிவப்பு மலர்.

அதிலிருந்து மாதம் ஒரு கடிதம். கவிதை, படம், வேதத்தில் மனதில் பட்ட ஒரு வசனம், அதைப் பற்றி இரண்டு பேருக்கும் நடக்கும் சின்ன வாதம். அம்சவேணியின் கணவன் தனசேகரன் மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டர். அவனுக்குக் கவிதை பிடிபடாது. ஆனால் படங்களுக்கெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டியது அவன்தான். "நம்ம ஊட்ல சோத்துப் பானைய விட சீமை ஜாஸ்தி இருக்குது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

எட்டாவது வருஷம், கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு அந்தச் செய்தி வந்தது. சபையார் இருபது பேர் தென்னிந்தியாவைப் பார்க்க வருகிறார்கள், தானும் வருகிறேன், பிப்ரவரியில் மூன்று நாள் காஞ்சிபுரத்தில் உன்னோடு இருக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

அம்சவேணிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. அவள் மனதில் ஈடித் ஆஷ்வொர்த் ஒரு சீமாட்டி. கணப்பு அடுப்பு, புத்தகம் நிறைந்த அறை, மெல்லிய பீங்கான் கோப்பை. தான் அவளுக்கு எழுதியதோ கோபுரங்களைப் பற்றி, தேர்த் திருவிழாவைப் பற்றி, பட்டைப் பற்றி. அந்தக் கோபுர வீதிகளில் தன் தாத்தா நடந்ததில்லை என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. இரண்டு அறை ஓட்டு வீட்டைப் பற்றியும் எழுதவில்லை.

"அதுக்கு இன்னா பண்றது? ஊட்ட இடிச்சிக் கட்ட முடியுமா?" என்றான் தனசேகரன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு கரைத்து வீடு முழுக்க அவனே அடித்தான். மூர்மார்க்கெட்டில் பூப்போட்ட பீங்கான் கோப்பை ஆறு வாங்கி, டிக்கெட் பையோடு மடியில் வைத்துக்கொண்டே காஞ்சிபுரம்வரை வந்தான்.

அம்சவேணி தன் பங்குக்குப் பேச்சைத் தயார் செய்தாள். வரவேற்பு வாக்கியங்களைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். ஞாயிறு ஆராதனையில் ஈடித்தின் கவிதை ஒன்றை வாசிக்கப் போதகரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டாள். அவள் தேர்ந்தெடுத்தது மதில்மேல் உட்கார்ந்த பறவையைப் பற்றியது. தன்னிடம் ஈடித்துக்குக் காட்ட உருப்படியாக இருப்பது குரல் ஒன்றுதான் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பகலில் சபையின் கார் வந்து நின்றது. தேர்தல் சமயம். தெருமுனையில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கியவள் அம்சவேணி கற்பனை செய்த சீமாட்டி இல்லை. குட்டையாக, அகன்ற தோளோடு, முழங்கை வரை சிவந்த கைகளோடு, பருத்திக் கவுன் போட்ட ஒரு கிழவி. கண் மட்டும் நீலமாக, விட்டுப் பிரியாமல் எதிராளியின் முகத்திலேயே நின்றது.

அம்சவேணி தயார் செய்ததைச் சொன்னாள். "எங்கள் ஊருக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன். பயணம் சௌகரியமாக இருந்ததா?"

ஈடித் அவள் வாயையே பார்த்தாள். பிறகு பலத்த குரலில், "அறுபத்தி நாலு, லவ். ஜூன் வந்தால் அறுபத்தி அஞ்சு" என்றாள். 'லவ்' என்பது அவள் ஊர்க்காரர்கள் 'கண்ணு' என்று கூப்பிடுவது மாதிரி.

அம்சவேணி திகைத்தாள். உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, படங்களைக் காட்டி, "இவை எல்லாம் நீங்கள் அனுப்பியவை, நினைவிருக்கிறதா?" என்று கேட்டாள். "சர்க்கரை வேண்டாம், லவ்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஈடித் தானாக ஏதோ நீளமாகச் சொன்னாள். அது அம்சவேணி படித்த இங்கிலீஷே இல்லை. சொற்கள் நசுங்கி, மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. நாலில் ஒன்றுதான் காதில் பிடிபட்டது. இவள் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. அவள் பேசுவது இவளுக்குப் புரியவில்லை. தனசேகரன் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போன அம்சவேணிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் லைனில் பேசியது, ஊரே மெச்சியது எல்லாம் வெறும் பொய்யா? உண்மையான இங்கிலீஷ்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்ததும் ஒரு வாக்கியம் போய்ச் சேரவில்லையே. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

மாமியார் கங்கையம்மாள் பின்னாலேயே வந்தாள். "இன்னாத்துக்குமா இப்பிடி அழுவுற?"

"நான் பேசுற இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியல அத்தே. ஒண்ணுமே புரியல."

கங்கையம்மாள் வாசல்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "புரியாம இல்லம்மா. அந்தம்மாவுக்குக் காது கேக்கல."

"இன்னா சொல்றீங்க?"

"இப்ப அவங்க முதுகுக்குப் பின்னால சொம்பு கீழ வுழுந்துது. நீயும் அவனும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினீங்க. அந்தம்மா கண்ணு கூட இமைக்கல. தெருவுல அவ்ளோ கத்துறான், ஒரு தடவ முகத்தச் சுளிச்சாங்களா? நீ பேசுறப்ப உன் வாயத்தான் பாத்துகினு இருக்காங்க, கண்ணப் பாக்கல."

அம்சவேணி முகத்தைக் கழுவிக்கொண்டாள். அலமாரியிலிருந்து கடிதம் எழுதும் தாள்கட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய், ஈடித்தின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எட்டு வருஷம் எழுதிய அதே கையெழுத்தில் எழுதினாள்: 'அன்புள்ள ஈடித், நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா?'

ஈடித் படித்தாள். முகமும் கழுத்தும் சிவந்துபோயின. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மளமளவென்று எழுதினாள்.

'கேட்காது. முப்பது வயதிலிருந்தே குறைந்துகொண்டு வந்து, இப்போது ஒன்றும் இல்லை. பதிமூன்று வயதில் பருத்தி ஆலைக்குப் போனேன். ஐந்நூறு விசைத்தறி ஒரே கூடத்தில். நாற்பத்தொரு வருஷம். எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்குக் காது இப்படித்தான். ஒருத்தி உதட்டை ஒருத்தி படித்துக்கொள்வோம். உன் உதடு எனக்குப் பழக்கமில்லை. முதல் கடிதத்திலேயே, குரல்தான் என் தொழில் என்று நீ எழுதியிருந்தாய். அத்தனை அழகான இங்கிலீஷில். படித்த பெரிய வீட்டுப் பெண் என்று நினைத்தேன். காது கேளாத ஆலைக்காரி என்று தெரிந்தால் எழுதுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன். பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று எட்டு வருஷம் போய்விட்டது. என்னை மன்னித்துக்கொள்.'

அம்சவேணி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்துபோய், ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்துவைத்திருந்த கவிதையை எடுத்துப் பார்த்தாள்.

*மதில்மேல் ஒரு பறவை. அதன் தொண்டை துடிக்கிறது.*
*நெஞ்சின் இறகு நிமிர்ந்து நிமிர்ந்து தாழ்கிறது.*
*பாடுகிறாய் என்று அறிகிறேன், சின்னவளே.*
*கண்ணுக்கு எட்டியது போதும் எனக்கு, கர்த்தாவே.*

இதை ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்து எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறாள்! அந்த எட்டு வருஷக் கவிதைகளில் நிறம் உண்டு, வெளிச்சம் உண்டு, விரலில் படும் குளிர் உண்டு. எதிலும் ஒரு சத்தம் கிடையாது. மழை பெய்யும், ஆனால் பளபளக்கத்தான் செய்யும். படித்துப் படித்து மனப்பாடம் செய்தவளுக்கு அது கண்ணில் படவில்லையே என்று இருந்தது.

அவள் எழுதினாள்: 'டீயில் சர்க்கரை போடவில்லை. வேறு எதற்கும் மன்னிப்புத் தேவையில்லை.'

ஈடித் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பு எவ்வளவு பலமானது என்று தெரியாத சிரிப்பு. அதற்குப் பிறகு சாயங்காலம்வரை தாளிலேயே பேசினார்கள். அவர்களுக்குள் பழகிய பேச்சு அதுதானே. ஒரே ஒரு வித்தியாசம், பதிலுக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. தனசேகரன் இரண்டு தடவை கடைக்குப் போய்த் தாள் வாங்கி வந்தான்.

சனிக்கிழமைக்கு அம்சவேணி கோபுரம் பார்க்கத் திட்டம் போட்டிருந்தாள். ஈடித் தாளில் ஒரே வரி எழுதிக் காட்டினாள்: 'கோபுரத்தைப் படத்தில் பார்த்துவிட்டேன். எனக்குத் தறி பார்க்க வேண்டும்.'

அம்சவேணி யோசித்தாள். எக்ஸ்சேஞ்சில் அவளோடு வேலை செய்பவள் கமலவேணி. நெசவுக் குடும்பத்துப் பெண். அண்ணன் வரதராஜன் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன். ஒன்பது வருஷமாக ஒரே டிபன் டப்பாவில் கைபோட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் கமலவேணியின் வீட்டுக்கு அவள் போனதில்லை. அவள் கூப்பிட்டதும் இல்லை, இவள் கேட்டதும் இல்லை. இரண்டு பேருக்கும் காரணம் தெரியும். ஈடித்துக்காக எக்ஸ்சேஞ்சுக்குப் போய்க் கேட்டாள். "கூட்டிகினு வா அம்சா, அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் கமலவேணி, ஒரு நொடி தயங்கிவிட்டு.

வரதராஜன் குழிக்குள் காலை விட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தான். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட புடவை பாதி நெய்திருந்தது. ஈடித் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனாள். அம்சவேணி வாசற்படியில் நின்றுகொண்டாள்.

வரதராஜன் வெள்ளைக்காரிகள் பலரைப் பார்த்தவன். அவர்கள் புடவையைத் தடவிப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போவார்கள். ஈடித் புடவையைத் தொடவே இல்லை. தறியின் மரச்சட்டத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் மிதியை அழுத்தி, ஊடு நூல் சுற்றிய நாடாவை ஓட்டி, பலகையை இழுத்து அடித்தான். ஒவ்வோர் அடியும் மரத்தின் வழியாக அவள் கைக்குள் ஏறியது. அவள் தலை அந்தத் தாளத்துக்கு லேசாக அசைந்தது. பத்து அடி, இருபது அடி. சட்டென்று கண்ணைத் திறந்து கையை உயர்த்தினாள்.

அவன் நிறுத்தினான். அவள் இடது ஓரமாகக் காட்டினாள். நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு இழை அறுந்திருந்தது. அவன் கண்ணுக்கு அது இன்னும் படவில்லை.

'நான் முடிச்சுப் போடட்டுமா?' என்பதுபோல் ஈடித் அவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். பருத்தி பழகிய விரல். முதல் முடிச்சு பட்டில் வழுக்கி அவிழ்ந்துகொண்டது. அவள் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு மறுபடி போட்டாள். எப்போது போட்டாள் என்று தெரியவில்லை. இழை நின்றது.

"எம்மா! இது நெசவுக்காரக் கைமா!" என்று வரதராஜன் கத்தினான். "எத்தினி வருஷம் தறியில இருந்தாங்களாம்? கேளும்மா, இன்னா வாசல்லயே நின்னுகினு? உள்ள வா. இவங்க சொல்றத யாரு எனக்குச் சொல்றது?"

கமலவேணியும் திரும்பிப் பார்த்தாள். "வா அம்சா" என்றாள்.

அம்சவேணி உள்ளே போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளில் எழுதி, பதிலைப் படித்துத் தமிழில் சொன்னாள். நாற்பத்தொரு வருஷம் என்று கேட்டதும் வரதராஜன் கும்பிட்டான். ஒருத்தியே ஆறு தறி ஓட்டினாள் என்றதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஆறு தறியா? மனுஷிக்குக் காலு ரெண்டு தானேம்மா!"

நீராவி எஞ்சின், கூரையில் ஓடும் பெல்ட், ஒரே சமயத்தில் ஐந்நூறு தறி. அம்சவேணி சொல்லச் சொல்ல அவன் வாயைப் பிளந்து கேட்டான். "அதான் காது போச்சி" என்று தானாகவே சொல்லிக்கொண்டான்.

வரதராஜனின் மனைவி தேவகி தட்டில் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தாள். ஒன்றை ஈடித்திடம் கொடுத்தாள். இரண்டாவது டம்ளர் தட்டிலேயே ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தை அம்சவேணி பிறந்ததிலிருந்து அறிவாள். அவள் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பிறகு டம்ளர் அவள் கைக்கருகே வந்தது. "சூடா இருக்குது, பாத்து எடுத்துக்கம்மா" என்றாள் தேவகி. ஈடித் அருந்தியதும் அதே மாதிரி டம்ளர்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஈடித் எழுதிக் கேட்டாள்: 'ஏன் வாசலிலேயே நின்றாய்?'

அம்சவேணி மூன்று பக்கம் எழுதினாள். ஐயம்பேட்டை, அப்பா, நாற்று, தாத்தா நடக்காத வீதிகள், விடுதியின் மாடி அறை. ஈடித் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். பிறகு எழுதினாள்: 'எங்கள் ஆராதனை வீட்டில் கீழ் வரிசையெல்லாம் ஆலை முதலாளி குடும்பத்துக்கு. நாங்கள் மேலே மச்சில் உட்கார வேண்டும். அதை வைத்து உன் நிலைமை எனக்குப் புரிகிறது என்று சொல்ல மாட்டேன். அது வேறு, இது வேறு. ஆனால் நீ எழுதியதற்கு நன்றி. நாம் இப்போதுதான் சிநேகிதிகள் ஆகியிருக்கிறோம்.'

அன்று சாயங்காலம் ஈடித் அவளுக்கு ஆலைக்காரப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தாள். தறி இரைச்சலில் குரலால் பயனில்லை. அதனால் பெண்கள் உதட்டை நன்றாக விரித்து, குவித்து, கன்னத்தையும் புருவத்தையும் சேர்த்து இழுத்துச் சத்தமில்லாமல் பேசுவார்களாம். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கதை பேசிக்கொள்வார்களாம். அம்சவேணிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. முகத்தை அசைக்காமல் பேசிப் பழகியவள் அவள். கங்கையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து, கடைசியில் தானும் செய்து பார்த்தாள். 'போதும்' என்ற தமிழ்ச் சொல்லை ஈடித் அவள் உதட்டிலிருந்து படித்துவிட்டாள். சோறு பரிமாறும்போதெல்லாம் அதைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பிவிட்டது. ஈடித் முன்வரிசையில் கங்கையம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேதபாடம் முடிந்ததும் போதகர் அம்சவேணியைக் கூப்பிட்டார். அவள் முதலில் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். இரண்டு வரி வாசித்திருப்பாள், வெளியே பிரசார வண்டி ஒன்று வந்து நின்றது. எதிரே மாட்டுவண்டி ஏதோ வழியை அடைத்துக்கொண்டது போலிருக்கிறது, வண்டி நகரவில்லை. ஒலிபெருக்கியின் வாய் ஆலயத்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று தொடங்கி, தூண் அதிரும்படி முழங்கியது. சபையார் காதைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு பேர் வெளியே ஓடினார்கள். நிறுத்திக்கொள்ளும்படி போதகர் கையால் சைகை செய்தார்.

அம்சவேணி ஈடித்தைப் பார்த்தாள். அந்த நீலக்கண் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. இவள் உதட்டில் காத்துக்கொண்டிருந்தது.

அம்சவேணி நிறுத்தவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டாள், மனப்பாடம்தானே. உதட்டை விரித்து, குவித்து, புருவத்தை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக முகத்தில் எழுதினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் அந்தக் கவிதை ஒரே ஒருத்திக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஈடித்தின் உதடும் கூடவே அசைந்தது. மூன்றாவது வரியில் அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்க அவள் கையை எடுக்கவில்லை. துடைத்தால் ஒரு சொல் தவறிப்போகும் என்ற பயம்.

கடைசி வரி முடியவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. திடீரென்று விழுந்த அமைதியில், எவ்வளவு பலமாகப் பேசுகிறோம் என்று தெரியாமல், ஈடித் சொன்னாள்: "ஒரு சொல் விடாம வந்தது, லவ்! ஒரு சொல் விடாம!"

இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. அம்சவேணி பிறகு தமிழில் வாசித்தாள், இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்க. கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்றபோது ஈடித்தும் பாடினாள். ராகம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கண்டக்டர் தொண்டையில் தனசேகரன் ஓங்கிப் பாட ஆரம்பித்தான், அவளைவிடத் தப்பாக. பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹார்மோனியம் அடங்கிப்போயிற்று. அவ்வளவு சத்தமான பாட்டை அந்த ஆலயத்தில் அதற்கு முன் யாரும் பாடியதில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கார் வந்தது. வரதராஜன் சைக்கிளில் வந்து, ஒரு சாண் அளவு பட்டுத் துண்டு ஒன்றை ஈடித்திடம் கொடுத்துவிட்டுப் போனான். ஈடித் ஏறி உட்கார்ந்து கார்க் கண்ணாடியை இறக்கினாள். கார் நகர்ந்து தெருமுனை திரும்பும்வரை இரண்டு பெண்களும் உதட்டால் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தனசேகரன் கேட்டதற்கு, "உனக்கு எதுக்குபா?" என்றாள் கங்கையம்மாள்.

கடிதங்கள் தொடர்ந்து வந்தன, இப்போது இன்னும் நீளமாக. ஆலையைப் பற்றி, அதில் செத்துப்போன அக்காவைப் பற்றி, கையில் ஏறும் தாளத்தைப் பற்றி ஈடித் கவிதை எழுத ஆரம்பித்திருந்தாள். அம்சவேணியும் முதல் தடவையாகத் தமிழில் ஒன்று எழுதினாள், நாற்று நடும் கையைப் பற்றி. இங்கிலீஷில் அதை மாற்ற அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.

எக்ஸ்சேஞ்சிலும் ஒரு மாற்றம் ஏற்பட்டது. பணி நேரத்தில் பெண்கள் தங்களுக்குள் பேசக் கூடாது என்பது விதி. மேற்பார்வையாளர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அம்சவேணி இந்த மூலையிலிருந்து அந்த மூலையில் இருந்த கமலவேணியைப் பார்த்து உதட்டை விரித்துக் குவித்தாள். கமலவேணிக்கு மூன்றாம் நாள் பிடிபட்டது. ஒரு மாதத்தில் எட்டுப் பேருக்கும் வந்துவிட்டது. என்ன வேடிக்கை என்று தெரியாமல் மேற்பார்வையாளர் நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பார். எல்லாரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அமைதியாக லைன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

"ஞாயித்துக்கிழம ஊட்டுக்கு வர்றியா?" என்று அந்த மூலையிலிருந்து கமலவேணி சத்தமில்லாமல் கேட்டாள். "தேவகி அண்ணி கேக்கச் சொன்னாங்க."

"சர்ச் முடிஞ்சதும் வர்றேன்" என்றது அம்சவேணியின் உதடு.